இழை அறுந்தால் எழுது

ஆரணி
12.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை இவாஞ்சலின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். என் சர்க்கரை மட்டும் சுகமில்லை. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது, அங்கே கொடுக்கிற மாத்திரை கேட்கிறதா என்று முதலில் எழுதுங்கள்.

டாக்டர் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக வகுப்பறைக்குள் நடந்ததெல்லாம் நடையில் சேராதாம். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். கோட்டை மைதானம், மணிக்கூண்டு, காந்தி ரோடு, கொசப்பாளையம், திரும்ப வீடு. பிறந்து வளர்ந்த ஊரை இப்போதுதான் அண்ணாந்து பார்க்கிறேன். அரிசி மில்லை இடித்து மூன்று மாதத்தில் கல்யாண மண்டபம் எழும்பிவிட்டது. மணிக்கூண்டுப் பக்கம் இருந்த டீக்கடை போன் கடையாகிவிட்டது, டீ மாஸ்டரே அங்கே கவர் விற்கிறார். நீங்கள் கட்டின கட்டடங்களை மட்டும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். ஜன்னலுக்கு மேலே மாலை மாதிரி ஒரு சிமெண்ட் வளைவு போடுவீர்களே, மேஸ்திரி தேவநேசன் கையெழுத்து.

கொசப்பாளையத்தில் மாணிக்கவேல் முதலியார் வீட்டுக்குக் கிளிப்பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மாடியில் விசைத்தறி போட்டிருக்கிறார்கள். தடதட சத்தம் தெருமுனை வரை கேட்கிறது.

கண்ணமங்கலத்தில் போர்டிகோ விழுந்த பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. அதில் செத்துப்போன பெயிண்டர் இளவரசனின் பெண்சாதியை மட்டும் சந்தையில் ஒரு நாள் பார்த்தேன். அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி போய்விட்டது.

ஜாய்ஸ் சுகம். ராணிப்பேட்டையில் வேலை அதிகம் என்று சொல்கிறாள். உங்களுக்காக ஜெபிக்கும்
இவாஞ்சலின்

கடலூர் ஜெயில்
24.06.2024

அன்புத் தங்கை இவாஞ்சலினுக்கு அண்ணன் தேவநேசன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் இருமல் குறைந்திருக்கிறது. நீ இனிப்பைத் தொடாதே. சபையில் கொடுக்கிற கேக்கையும் தொடாதே.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இங்கே சாயந்திரம் மைதானத்தில் சுற்ற விடுவார்கள். எல்லாரும் வட்டமாகச் சுற்றுவார்கள், நான் மட்டும் ஆரணியில் நடந்துகொண்டிருப்பேன். அரிசி மில் இடத்தில் இனிமேல் மண்டபத்தை வைத்துக்கொள்கிறேன். நடந்து பார்த்ததையெல்லாம் எழுது. போன் வேண்டாம், போனில் நீ அழுகிறாய். பார்க்கவும் வராதே.

நன்னடத்தைக்குத் தண்டனையில் கிடைக்கிற கழிவைச் சேர்த்தால் கிறிஸ்துமசுக்கு முன்னால் வெளியே வரலாம் என்று இங்கே சொல்கிறார்கள். அதுவரை புதுசாக ஒரு சொல் என் பேரில் வரக்கூடாது.

மாணிக்கவேல் வீட்டில் எத்தனை தறி போட்டிருக்கிறார்கள்? அது கைத்தறிக்குக் கட்டின வீடு. முன்னால் தெருவுக்கு மேலே அஞ்சடி நீட்டிக் கட்டின அறை இருக்கிறதே, அதன் பக்கச் சுவரைப் போகும்போது பார். பெயிண்டில் கோடு ஏதாவது தெரிகிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

ஜாய்ஸ் ஒரு வரி எழுதக்கூடாதா? அம்மா இல்லாத பிள்ளை என்று ரொம்பச் செல்லம் கொடுத்துவிட்டேன்.
தேவநேசன்

ஆரணி
09.07.2024

அன்புள்ள அண்ணனுக்கு, இவாஞ்சலின் வணக்கம். நான் நலம். கேக்கைத் தொடவில்லை, பக்கத்தில் நின்று வாசனை பார்த்தேன், அதற்கு உங்கள் சட்டத்தில் இடம் உண்டா?

நாலு தறி. கோடும் இருக்கிறது. பக்கச் சுவரில், அறை தெருவுக்கு நீளத் தொடங்குகிற இடத்தில், மேலிருந்து கீழே ஒரு முடி கிடக்கிற மாதிரி. புது பெயிண்ட் என்பதால் நன்றாகத் தெரிகிறது. நான் அண்ணாந்து நின்றதைப் பார்த்து எங்கள் பள்ளிக்கூடத்து ஹேமலதா டீச்சர், "இன்னா மிஸ், முனிசிபாலிடில சேர்ந்துட்டீங்களா? வீட்டு வரி போட வந்த மாதிரி பாத்துகினு நிக்கிறீங்க" என்று கேட்டுவிட்டாள். எங்கண்ணன் கட்டின வீடு, ரசிக்கிறேன் என்று சொன்னேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். உங்கள் பேரைச் சொன்னால் ஊரில் பேச்சு இப்படித்தான் நின்றுவிடுகிறது, எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில் ஓட்டு வீடுகள் நாலும் ஒரே வாரத்தில் போய்விட்டன. அந்த இடத்தில் வானம் பெரிசாகத் தெரிகிறது. இரண்டு நாளைக்கு வழி தவறினாற்போல் இருந்தது.

ஜாய்ஸ் எழுதுவாள். கொஞ்சம் பொறுங்கள்.
இவாஞ்சலின்

கடலூர் ஜெயில்
20.07.2024

தங்கை இவாஞ்சலினுக்கு, நான் சுகம். உன் சுகத்தையும் சர்க்கரை அளவையும் எழுது.

அந்தக் கோடு மேலே அகலமா, கீழே அகலமா? கிட்டப் போய்ப் பார்த்து எழுது. உள்ளே போக வழி இருந்தால் அறைக்குள்ளிருந்து பார். கோட்டுக்குக் குறுக்கே ஒரு இழையை இறுக்கி, ரெண்டு முனையையும் பசை போட்டு ஒட்டு. கோடு பெயிண்டில் மட்டும் என்றால் இழை அப்படியே இருக்கும். சுவர் நகர்ந்தால் அறுந்துவிடும். மேஸ்திரிகள் எல்லாரும் செய்கிறதுதான். இழை அறுந்தால் உடனே எழுது.

அந்த அறையில் யார் படுக்கிறார்கள்? இதையெல்லாம் நான் கேட்டதாக யாரிடமும் சொல்லாதே. ஜெயிலில் இருக்கிறவன் கேட்டால் ஒன்று ஒன்பதாகும்.
தேவநேசன்

ஆரணி
06.08.2024

அன்புள்ள அண்ணனுக்கு, இவாஞ்சலின் எழுதுவது. நலம். சர்க்கரை நூற்று எண்பதுக்கு இறங்கியிருக்கிறது, நடைக்குப் புண்ணியம்.

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன். உள்ளே எப்படிப் போனாய் என்று கேட்பீர்கள். மாணிக்கவேல் மகன் ராஜ்குமாருக்கு மே மாதம் கல்யாணம் ஆனது. மருமகள் எனக்கு வேண்டிய பெண். அந்த முன்னறை அவர்கள் இரண்டு பேருடையது. கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. கீழே தறிக்குப் பாவு சுற்றுகிற இடத்திலிருந்து சிவப்பில் ஒரு இழை வாங்கி அவளே ஒட்டினாள், நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப இறுக்கினால் தானாக அறுந்துவிடுமே என்று கொஞ்சம் தொய்வாகவே விட்டோம்.

கோடு மேலே அகலம். மேலே என் நகம் நுழைகிறது, கீழே நுழையவில்லை.

ஊரில் இத்தனை கட்டடம் கட்டினீர்கள். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? கிளிப்பச்சை பிடிக்கவில்லையா?
இவாஞ்சலின்

ஆரணி
20.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு, நலம், உங்கள் நலம் தெரியவில்லை. ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே கையை விரிக்கிறார். உடம்புக்கு என்ன? வேறு யாரையாவது விட்டாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

இழை அறவில்லை. கவலைப்படாதீர்கள். அறாதது மட்டுமில்லை, தொய்வெல்லாம் போய் இப்போது தறியில் ஏற்றின பாவு மாதிரி விறைப்பாக நிற்கிறது. தறி ஓடும்போது விரலை வைத்தால் ரீங்காரம் கேட்கிறது. பார்த்த எனக்கும் மனசு நிம்மதியாகிவிட்டது. தறியில் பாவு தொய்ந்தால்தானே நம் ஊரில் பயப்படுவார்கள்.

பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு காம்ப்ளெக்ஸ் கட்ட ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். அதனால் மாணிக்கவேல் வீடு இப்போது பல்வரிசையில் தனியாக நின்ற ஒற்றைப் பல் போல் தெரிகிறது. மாடி முன்னறைக் கதவு சாத்த வரவில்லை என்று ஆசாரியைக் கூப்பிட்டு அடியில் இழைத்தார்கள். இரண்டே வாரத்தில் மறுபடி பிடிக்கிறது. மழைக்காலம் வந்தால் மரம் ஊதும் என்கிறார் ஆசாரி. மழை இன்னும் வரவில்லை.

அந்த மருமகள் மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறாள். படி ஏறி இறங்கக் கூடாது என்று பெரும்பாலும் அந்த அறையிலேயே படுத்திருக்கிறாள்.

உடனே பதில் போடுங்கள்.
இவாஞ்சலின்

கடலூர் ஜெயில்
01.10.2024

தங்கைக்கு, சுகம். காய்ச்சலாக இருந்தது, அதனால் எழுதவில்லை. இழை அறாதது நல்லதுதான். கழிவுக்கு மேலே எழுதி அனுப்பிவிட்டார்கள். டிசம்பர் இரண்டாம் வாரம் என்று சொல்கிறார்கள். நீ எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் எடுத்து வை.

இனிமேல் கொசப்பாளையம் வழியாக நடக்காதே. அந்த வீட்டுக்குக் கீழே நிற்காதே. மைதானத்தைச் சுற்றி நடந்தால் போதும்.
தேவநேசன்

ஆரணி
12.10.2024

அண்ணனுக்கு இவாஞ்சலின் எழுதுவது. சுகம் விசாரிக்க இன்றைக்கு மனசு வரவில்லை, மன்னியுங்கள்.

நான் நடக்கக் கூடாது என்றால், அங்கே படுக்கிறவர்கள் படுக்கலாமா?

இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். பேனாவை ஒளித்து வைத்த பையன், "மிஸ், என் பெஞ்சுப் பக்கம் வராதீங்க" என்று சொல்வான். உங்கள் கடிதம் அப்படி இருக்கிறது. நாலு மாதமாக என்னை நடக்க வைத்து, சுவரைப் பார்க்க வைத்து, இழை ஒட்ட வைத்து, கடைசியில் தெருவை மாற்று என்கிறீர்கள். காய்ச்சலில் விழுந்தவர் இத்தனை வாரம் கழித்து எழுதுகிற கடிதமா இது?

கண்ணமங்கலத்தில் அந்த போர்டிகோ விழுந்தபோது, "இந்த ஒரு வேலையில்தான் கை தவறிடுச்சு" என்று கோர்ட்டில் சொன்னீர்கள். நான் சபையில் எழுந்து நின்று, என் அண்ணன் பொய் சொல்ல மாட்டார் என்று சொன்னேன். அந்த வாக்குக்கு இப்போது நானும் பொறுப்பு. அந்த வீட்டில் என்ன இருக்கிறது? எனக்கு எழுதுங்கள். எழுத முடியாது என்றால் அதையாவது எழுதுங்கள்.

நானும் உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். நேரில் சொல்லலாம் என்று இருந்தேன்.
இவாஞ்சலின்

கடலூர் ஜெயில்
19.10.2024

இவாஞ்சலினுக்கு அண்ணன் எழுதுவது. இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் உட்காராதே. நேரே மாணிக்கவேல் வீட்டுக்குப் போ. முன்னறையைக் காலி செய்யச் சொல். தறியை நிறுத்தச் சொல். அறைக்குக் கீழே நாலு இடத்தில் முட்டுக் கொடுக்கச் சொல். பிறகு வந்து மீதியைப் படி.

தப்பு இழையிலிருந்தே தொடங்குகிறது. நான் பருத்தி நூலை நினைத்து இழை என்று எழுதினேன். ஆரணியில் இழை என்றால் பட்டுதான் என்று எனக்கு உறைக்கவில்லை. பட்டு சீக்கிரம் அறாது, நீளும். தொய்வாக ஒட்டினது விறைத்தது என்றால் சுவர் அந்த அளவு விலகியிருக்கிறது. நீ நிம்மதி என்று எழுதின வரியைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. மேலே அகலம் என்று எழுதினபோதே எனக்குத் தெரியும். நீட்டின அறை முன்பக்கம் தலை குனிகிறது. காய்ச்சல் பொய். கிறிஸ்துமசுக்கு வீட்டுக்கு வரவேண்டும் என்கிற ஆசையில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம்தானே, சுவர் தாங்கும், வெளியே வந்து நைசாக முட்டுக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த அறையைத் தாங்குகிற இரண்டு பீமிலும் ஆறு ஆறு கம்பி போடவேண்டும். நான் நாலு நாலு போட்டேன். கைத்தறிக்கு இது தாங்கும் என்று நினைத்தேன். கண்ணமங்கலத்திலும் அதே கணக்குதான் போட்டேன்.

மீதிக் கம்பி எங்கே போனது என்று கேட்பாய். உன் வீட்டுக்காரர் இறந்த வருஷம் உனக்கு ஓட்டுக்கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டுக் கொடுத்தேனே, அதில் இருக்கிறது. அண்ணன் செய்தார் என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

இதை இங்கே கடிதம் படிக்கிற அதிகாரி படிப்பார். படிக்கட்டும் என்று நானே கையில் கொடுத்தேன். "யோசிச்சிட்டியாய்யா, புதுக் கேஸ் ஆவும்" என்று கேட்டார். அவருக்கு நல்ல மனசு. கவரை ஒட்டச் சொன்னேன்.

அந்த மருமகள் யார் பெண்ணோ தெரியாது. இரண்டு மாதமாகக் கண்ணை மூடினால், முகம் தெரியாத அந்தப் பிள்ளை சுவர் ஓரமாகப் படுத்திருப்பது தெரிகிறது. பக்கத்தில் இளவரசன் பிரஷ்ஷோடு நிற்கிறான்.

வெள்ளைச் சட்டை எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.
தேவநேசன்

ஆரணி
21.10.2024

அண்ணனுக்கு. உங்கள் பதில் வரவில்லை. இனிமேல் காத்திருக்க என்னால் முடியாது. நேற்றிலிருந்து மழை. சாயந்திரம் அந்த அறைக் கதவு அடியோடு பிடித்துக்கொண்டு, ராஜ்குமார் தோளால் மோதித் திறந்தார்.

உள்ளே இருந்தது ஜாய்ஸ்.

மாணிக்கவேல் மருமகள் நம் ஜாய்ஸ்தான். மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். சர்ச்சில் நடக்கவில்லை, உங்களைக் கேட்கவில்லை, ஜெயிலில் இருக்கிற மனுஷன் கேட்டால் என்ன ஆவாரோ என்று பயம். அப்பா வெளியே வந்ததும் நானே காலில் விழுந்து சொல்கிறேன் என்று அழுதாள். ராணிப்பேட்டை பொய். என் மேல் கோபப்படுங்கள், அவள் மேல் வேண்டாம்.

இன்றைக்கே அவளை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். மாமனார், "கதவு புடிக்குதுன்னு யாராவது வூட்ட காலி பண்ணுவாங்களா" என்று சிரிக்கிறார். காட்டுவதற்கு என் கையில் ஒன்றும் இல்லை. உங்கள் மகள் அந்தச் சுவர் ஓரம் படுத்திருக்கிறாள். இப்போதாவது சொல்லுங்கள்.
இவாஞ்சலின்

ஆரணி
30.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு, இவாஞ்சலின் எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம். எல்லாரும் என்பதை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

என் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்த மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. வாசலிலேயே முதல் பத்தியைப் படித்தேன். செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினேன். மாணிக்கவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைக் கடைசி வரை படித்தார். "தறிய நிறுத்துடா" என்று அவர் மாடியைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான். ஜாய்சை ராஜ்குமார் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். ஒரு மணி நேரத்தில் முட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் இன்ஜினியர் வந்து பூச்சைக் கொத்தினார். நாலு கம்பிதான், அதுவும் துரு ஏறி. பீமை ஒட்டி மேலே கை நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. இன்னொரு மழை என்று மட்டும் சொல்லி அவர் நிறுத்திக்கொண்டார். அறையை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். தெரு முகமே மாறிவிட்டது.

மாணிக்கவேல் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். டிசம்பர் இனி இல்லை என்று தெரிந்துதானே எழுதினீர்கள். வெள்ளைச் சட்டை பீரோவில் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. எட்டு வருஷமாக நான் நிம்மதியாகப் படுத்தது வேறொருவர் வீட்டுக் கம்பிக்குக் கீழே. முதல் இரண்டு நாள் கூடத்தில் படுக்கவே கூசியது. ஆனால் படுக்காமல் முடியாது, ஏனென்றால் ஜாய்ஸ் இப்போது இங்கேதான் இருக்கிறாள். அந்தத் தளத்துக்குக் கீழேதான் கட்டில் போட்டிருக்கிறேன். என் வீட்டுச் சுவர் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன் அண்ணா, ஒரு கோடு இல்லை.

இரண்டு கடிதத்தையும் அவளிடம் கொடுத்தேன், உங்களுடையதையும், என்னுடையதன் நகலையும். ரொம்ப நேரம் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதி அவள் கையால்.
இவாஞ்சலின்

அப்பா, ஜாய்ஸ் எழுதறேன். நான் நல்லா இருக்கேன், குழந்தையும் நல்லா இருக்கு. நீங்க எழுதினது 19-ந்தேதி. அத்தை என் பேரைச் சொன்னது 21. கவர்ல தபால் முத்திரையும் பார்த்துட்டேன். நான்னு தெரிஞ்சு எழுதியிருந்தா, பொண்ணுக்காக எழுதினாருன்னு விட்டுருப்பேன். நீங்க தெரியாமதான் எழுதியிருக்கீங்க.

வரவேணாம்னு சொன்னீங்களாம். டாக்டர் பஸ்ல போலாம்னதும் மனு போட்டு வரேன். அவரையும் கூட்டிகினு வரேன். திட்றதா இருந்தா நேர்ல திட்டுங்க.
ஜாய்ஸ்